மேலே வைத்த செய்தி

ஒரு விடுகதை போடுகிறேன், விடை சொல்லுங்கள் பார்க்கலாம். எல்லார் கழுத்திலும் ஏறும், யார் வீட்டுக்கும் போகாது. அது என்ன? அவசரம் வேண்டாம். பிள்ளைகளுக்கு நான் எப்போதும் மூன்று குறிப்பு கொடுப்பேன், உங்களுக்கும் தருகிறேன். வட்டமாக இருக்கும். பொன்னிறமாக இருக்கும், பொன் கிடையாது. இரும்பு அலமாரியின் மேல் தட்டில், பழைய வருகைப் பதிவேடுகளுக்குப் பின்னால், அந்துருண்டை வாசத்தோடு கிடக்கும். நானே சொல்லிவிடுகிறேன்: எங்கள் பள்ளிக்கூடத்துப் பதக்கம். செம்மண்விளை நடுநிலைப் பள்ளியில் ஒரு பிள்ளை ஓட்டத்தில் ஜெயித்தாலும் ஓவியத்தில் ஜெயித்தாலும் அதற்குரிய பதக்கம் வந்து சேர நாலு மாதமோ ஆறு மாதமோ ஆகும், சில வருஷம் வராமலே போகும், ஆனால் செய்திமடலுக்குப் படம் அந்த மாதமே வேண்டும். அதனால் பதினான்கு வருஷத்துக்கு முன்னால் டவுன் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் கோப்பை விற்கிற கடையில் ஒன்று வாங்கி வைத்தேன். ஜெயித்த பிள்ளையை வேப்பமரத்தடியில் நிறுத்தி, மாட்டிவிட்டு, நிமிர்ந்து நில்லு, சிரி என்று படம் எடுப்பேன், எடுத்ததும் கழற்றி வாங்கிவிடுவேன். விடுகதையைக் கட்டியவள் ஏழாம் வகுப்பு ஹெப்சி. அவள் அதைச் சொன்ன அன்று வகுப்பே சிரித்தது, நானும் சிரித்தேன், இதை மடலின் விடுகதை மூலையில் அச்சில் போட முடியாதே என்பதால் இன்னும் கொஞ்சம் அதிகமாகச் சிரித்தேன். இப்போது அந்தப் பதக்கம் இரண்டாம் பெஞ்சில் பிரம்மசக்தியின் கழுத்தில் தொங்குகிறது. கணக்குப் போட அவள் குனியும்போதெல்லாம் மேசை விளிம்பில் பட்டு டக் என்கிறது. டக். இதோ மறுபடியும். இன்னும் நாற்பது நிமிஷம் நான் இந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும்.

மணி பத்து ஐம்பது. கரும்பலகையில் பின்னக் கணக்கு பத்து எழுதிப் போட்டிருக்கிறேன். பத்து கணக்கு, முப்பத்தொரு பிள்ளைகள், நான் யாரையும் பார்த்துப் பேச வேண்டியதில்லை என்பதற்காகத்தான் பத்து. ஐந்து போட்டிருந்தால் இந்நேரம் முடித்துவிட்டு டீச்சர் டீச்சர் என்று வந்திருப்பார்கள். பதினொன்றரைக்கு வட்டாரக் கல்வி அலுவலர் வருகிறார். கையில் ஒரு சேர்க்கைப் பாரம் கொண்டுவருகிறார். இந்த வருஷம் விளையாட்டு விடுதியில் ஒன்றியத்துக்கு ஒரு பிள்ளையைச் சேர்க்கிறார்கள், தங்குவது, சாப்பாடு, படிப்பு, பயிற்சி எல்லாம் பன்னிரண்டாம் வகுப்பு வரைக்கும் அரசாங்கமே பார்த்துக்கொள்ளும். எங்கள் ஒன்றியத்துக்குரிய அந்த ஒரே இடம், நானூறு மீட்டரில் முதலில் வந்த பெண்ணுக்கு. முதலில் வந்தவள் செம்மண்விளை பிரம்மசக்தி என்று செய்திமடலில் இருக்கிறது. செய்திமடலை எழுதுகிறவள் நான், ஜெயசீலி டீச்சர். முதலில் வந்தவள் பிரம்மசக்தி இல்லை. கடற்கரையோரப் பெரியமணல் பள்ளியில் படிக்கும் டெல்பினா. அரை மீட்டர் வித்தியாசம். இது எனக்குத் தெரியும், பிரம்மசக்திக்குத் தெரியும், டெல்பினாவுக்கும் அவள் வாத்தியாருக்கும் தெரியும், உடற்பயிற்சி ஆசிரியர் லிங்கதுரை சாருக்குத் தெரியும், அவர் போட்டிக்கு மறுநாளே மருத்துவ விடுப்பில் போய்விட்டார். இத்தனை பேருக்குத் தெரிந்த ஒன்று எப்படித் தெரியாததாகவே இருக்கிறது? எளிது. யாரும் கேட்கவில்லை. பதினான்கு வருஷமாக நான் ஒரு பெயரையும் தப்பாகப் போட்டதில்லை. ஒரு மதிப்பெண், ஒரு வகுப்பு, ஒரு முதலெழுத்துக்கூட. ஒரு பிள்ளை பெயரை அச்சுக்கு அனுப்பும் முன் மூன்று தடவை சரிபார்ப்பேன், ஒரு தடவை கண்ணால், ஒரு தடவை விரல் வைத்து, ஒரு தடவை வாய்விட்டு. அதனால்தான் யாரும் கேட்கவில்லை. டக்.

எப்படி நடந்தது என்று ஒழுங்காக யோசித்துப் பார்க்க வேண்டும். யாராவது கேட்டால் ஒழுங்காகச் சொல்ல வேண்டுமே. 'நம் ஒன்றியப் பிள்ளைகள்' என்ற எங்கள் செய்திமடல் ஒவ்வொரு மாதமும் இருபதாம் தேதி மாலை ஆறு மணிக்கு அச்சுக்குப் போகும், அறுபத்து நாலு பள்ளிக்கும் ஒன்று. இந்தத் தடவை போட்டியும் இருபதாம் தேதிதான், மதியம் மூன்று மணிக்கு. முடிவு தெரிந்த பிறகு எழுத நேரம் கிடையாது. இது புதிதில்லை, பல தடவை இப்படித்தான், இதற்கென்று ஒரு வழக்கமே வைத்திருக்கிறோம். இரண்டு நாள் முன்னாலேயே பிள்ளைக்குப் பதக்கத்தை மாட்டிப் படம் எடுத்துவிடுவேன். செய்தியை இரண்டு விதமாக எழுதிவிடுவேன். ஒன்று, முதலிடம் பெற்றுப் பள்ளிக்குப் பெருமை சேர்த்தார். இன்னொன்று, ஆர்வத்துடன் பங்கேற்றுச் சிறப்பித்தார். டைப் அடிக்கிற காஜா இரண்டையும் ஒன்றன்கீழ் ஒன்றாகக் கம்ப்யூட்டரில் வைத்திருப்பான். முடிவு தெரிந்ததும் போன் பண்ணுவேன், வேண்டாததை அழித்துவிடுவான். "டீச்சர், ஆறு மணிக்கு மேல நான் காத்துக்கிட்டு இருக்க முடியாது பாத்துக்கிடுங்க, போன் வந்தா வருது, வரலைன்னா மேல இருக்கிறத வச்சிருவேன், சரிதானா?" என்று ஒவ்வொரு தடவையும் கேட்பான், சரிதாம்ப்பா என்பேன். ஒவ்வொரு தடவையும் பங்கேற்றுச் சிறப்பித்தாரை மேலே வைப்பேன். போன் கெட்டுப்போனாலும், நான் செத்தே போனாலும், பொய் அச்சாகக் கூடாது என்பதற்காக மேலே வைப்பேன். இந்தத் தடவை முதலிடத்தை மேலே வைத்தேன். எதற்காக? இந்த இடத்தில் வந்துதான் யோசனை நின்று நின்று போகிறது. கை தவறியா? எழுதும்போதே முதலில் அது வந்துவிட்டதா? பதினொரு மாதமாக எங்கள் பள்ளியின் பெயர் மடலில் வரவில்லை. வர இடமிருந்தும் நான்தான் வெட்டினேன், எழுதுகிறவளின் பள்ளிக்கூடமே மாதாமாதம் வந்தால் அறுபத்து மூன்று பள்ளிகள் என்ன நினைக்கும் என்று. தலைமையாசிரியர் தவசிமுத்து சார் டீ குடிக்கும்போதெல்லாம், "ஊருக்கெல்லாம் நம்ம டீச்சர்தான் பந்தி விளம்புதாங்க, நம்ம இலையில மட்டும் உப்புகூட வைக்க மாட்டாங்க" என்பார், மற்ற ஆசிரியர்கள் சிரிப்பார்கள், நானும் சிரிப்பேன். அதற்காகவா? அவ்வளவு சின்ன விஷயத்துக்கா?

மேலே வைத்தது இருக்கட்டும், போன் பண்ணியிருந்தால் எல்லாம் சரியாகிப் போயிருக்கும். நாலு பத்துக்கு லிங்கதுரை சார் செய்தி அனுப்பினார். 'ரெண்டாவது. அரை மீட்டர். நல்லா ஓடினா.' நாலு நாற்பதுக்கு பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கிறேன், மடியில் பை, பையின் மேல் கட்டுரை நோட்டுகள், கையில் போன், திரையில் காஜாவின் நம்பர். விரலை வைத்தால் போதும். கண்டக்டர் வந்து சில்லறை கேட்டார். பையைத் திறக்க போனை உள்ளே போட்டேன். இது மறதிதான், யாரிடமும் சொல்லலாம், யாரும் நம்புவார்கள். ஆனால் ஐந்தே முக்காலுக்கு நான் அடுப்படியில் சாளை மீன் கழுவிக்கொண்டிருந்தேன், சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். ஐந்து ஐம்பத்தைந்துக்கும் பார்த்தேன். கையில் செதில், கை கழுவிவிட்டுப் பண்ணலாம் என்று நினைத்தேன். நினைத்தேன் என்றால் ஞாபகம் இருந்தது என்று அர்த்தம். கை கழுவ ஐந்து நிமிஷம் ஆகாது. அந்த மீனை நான் அவ்வளவு நன்றாக எப்போதும் கழுவியதில்லை, வால், செவுள், வயிற்றுக்குள் கறுப்புத் தோல், ஒவ்வொன்றாக, அப்புறம் மறுபடியும் தண்ணீர் மாற்றி. ஆறு இருபதுக்கு, இனி அவன் அனுப்பியிருப்பான், பிரயோசனமில்லை என்று தோன்றியது, அது தோன்றியபோது நெஞ்சில் ஏதோ ஒன்று இறங்கி உட்கார்ந்தது, பஸ்ஸில் கூட்டத்துக்கு நடுவே இடம் கிடைத்தால் உட்காருவோமே, அப்படி. அதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. மறந்தேனா, மறக்க விட்டேனா என்று ஒரு மாதத்துக்கு மேலாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். கேட்பது நானே, பதில் சொல்ல வேண்டியதும் நானே. பதில் தெரியாததுபோல் முகத்தை வைத்துக்கொள்வதும் நானே. நாலாவது பெஞ்சில் யாரோ ரப்பர் கேட்கிறார்கள். "எறியாத, கையில குடு," என்கிறேன். என் குரல் எப்போதும்போலத்தான் இருக்கிறது. அதுதான் பயமாக இருக்கிறது.

மடல் வந்த அன்று பிள்ளைகள் அடித்துப் பிடித்துப் பார்த்தார்கள். பிரம்மசக்தி பார்க்கவில்லை, கூட்டம் கலைந்த பிறகு என் மேசைக்கு வந்து நின்றாள். "டீச்சர், நான் ரெண்டாவதுலா வந்தேன்." தெரியும்ட்டி, அச்சில் தப்பாயிருச்சு, அடுத்த மாசம் திருத்தம் போட்டுருதேன் என்றேன். "சரி டீச்சர்." அவ்வளவுதான். போனாள். திருத்தம் போட்டுவிடலாம் என்றுதான் அப்போது நினைத்தேன், அது உண்மை, நாலு வரி, கடைசிப் பக்கம், கீழே. இரண்டு நாளில் அவள் அம்மா வந்தாள். முருங்கைத் தோட்டத்தில் காய் பறிக்கிறவள், கை முழுக்கக் கீறல், தலையில் முருங்கைப்பூ உதிர்ந்திருந்தது, அப்படியே வேலையிலிருந்து வந்திருக்கிறாள். மடலைப் பிளாஸ்டிக் உறை போட்டு ஒட்டி எடுத்து வந்திருந்தாள். "டீச்சர், எங்க வீட்ல பேப்பர்ல பேரு வந்தது இதுக்கு முந்தி ஒரே தடவதான். அவ அப்பா லாரியில அடிபட்ட அன்னைக்கு. அதுல பேரு, வயசு, ஊரு, எல்லாம் கரெக்டா போட்டிருந்தான். அதையும் வச்சிருக்கேன். இனிமே அத உள்ள வச்சிட்டு இத வெளிய மாட்டப் போறேன்." நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? இதை மாட்டாதீங்கம்மா, இது பொய், அதுதான் நிஜம் என்றா? "நல்லாப் படிக்கச் சொல்லுங்க," என்றேன். ஐயோ. நல்லாப் படிக்கச் சொல்லுங்க. முப்பது வருஷமாக நாக்கில் கிடக்கிற வாக்கியம், எந்த ஓட்டையையும் அடைத்துவிடும். அடுத்த மாதம் மடலில் திருத்தம் வரவில்லை. இடம் இல்லை. காஜாவிடம் இடம் இல்லைப்பா என்று நானே சொன்னேன், அவன் எதற்கு இடம் என்று கேட்கக்கூட இல்லை, கேட்காதவனிடம் சொன்னேன்.

டெல்பினாவின் வாத்தியார், பெரியமணல் சூசை சார் போன் பண்ணியது அந்த மடலும் வந்ததற்கு மறுநாள். ஒற்றை ஆளாக ஐந்து வகுப்பையும் வைத்துக்கொண்டிருந்தவர், பள்ளி நடுநிலையாக உயர்ந்து இன்னும் இரண்டு பேர் வந்த பிறகும் ஒற்றை ஆள் குரல் மாறவில்லை. "டீச்சர் சும்மாதான் பண்ணினேன். ஒண்ணுமில்ல. நானூறு மீட்டர்ல எங்க பிள்ளை பேரு விட்டுப்போச்சு போலுக்கு. அவ ஒண்ணும் கேக்கல, நானாத்தான் கேக்கேன்." அடுத்த மாசம் போட்டுருதேன் சார். "உங்களுக்கு எவ்வளவு சோலியோ டீச்சர், சங்கடப்படாதீங்க." திட்டியிருக்கலாம் அவர். ஒரு வார்த்தை சத்தமாகப் பேசியிருந்தால் நானும் சத்தமாகப் பேசி, எல்லாம் வெளியே வந்து, அன்றைக்கே முடிந்திருக்கும். சங்கடப்படாதீங்க என்றார். பதினான்கு வருஷத்தில் பெரியமணல் பள்ளியின் பெயர் மடலில் ஒரே ஒரு தடவை வந்திருக்கிறது, புயலில் கூரை போனபோது. ஓடு வேய்ந்த செய்தியை நான் போடவில்லை, இடம் இல்லை. அந்தக் கூரையைப் பார்க்கப் போயிருந்தபோதுதான் டெல்பினாவைப் பார்த்தேன், மூன்றாம் வகுப்பு அப்போது, வகுப்புக்குள் மணல், காலைத் தூக்கி வைத்தால் செருப்பு வரமாட்டேன் என்கிறது, அதில் அவள் எனக்குத் தண்ணீர் கொண்டுவர ஓடிப்போனாள், ஓடித் திரும்பி வந்தாள், டம்ளரில் ஒரு சொட்டுக் குறையவில்லை. "டீச்சர், எங்க பள்ளிக்கூடத்தப் பத்தி எழுதுவீங்களா?" எழுதுதேன் என்றேன். எழுதினேன். கூரை போனது என்று எழுதினேன். அந்த மணலில் ஓடிப் பழகிய கால்தான் அரை மீட்டர் முந்தியிருக்கிறது. இது எல்லாம் எனக்கு எதற்கு இப்போது ஞாபகம் வருகிறது, வந்து என்ன ஆகப் போகிறது, மணி பதினொன்று ஐந்து, தொண்டை வறண்டு கிடக்கிறது, தண்ணீர் பாட்டில் ஆபீஸ் அறையில் இருக்கிறது, ஆபீஸ் அறையில் தவசிமுத்து சார் இருக்கிறார், போக முடியாது.

போனால் என்ன? போய்ச் சொன்னால் என்ன? சார், ஒரு தப்பு நடந்துபோச்சு. நாலு வார்த்தை. காலையில் பிரார்த்தனைக் கூட்டம் முடிந்ததும் அவரிடம் போனேன், சொல்லத்தான் போனேன், அவர் புதுச்சட்டை போட்டிருந்தார், மடிப்புக்கூடக் கலையாமல். "வாங்க டீச்சர் வாங்க, இன்னைக்கி நீங்கதான் ஹீரோயின்! அலுவலர் போன்ல என்ன சொன்னாரு தெரியுமா? ரிசல்ட் ஷீட்டு எங்கயோ மழையில நனைஞ்சு கெடக்காம், அதத் தேடிக்கிட்டு இருக்க வேண்டாம், ஜெயசீலி டீச்சர் மடல்ல வந்திருக்கு, அத வச்சே பாரத்தப் போட்டுருவோம்னுட்டாரு. டீச்சர் எழுத்துன்னா அதுதான் ரெக்கார்டுன்னாரு!" அப்புறம், "அந்தப் பிள்ளைக்கு மெடல மாட்டி வச்சிருங்க, வந்ததும் போட்டோ எடுத்துருவோம், இந்த மாச மடலுக்கும் ஆச்சு," என்றார். நான் சார் என்றேன். "சொல்லுங்க." ஒண்ணுமில்ல சார் என்றேன். அலமாரியைத் திறந்தேன். பதக்கத்தை எடுத்தேன். என் கை தானாகவே அதைச் சேலை முந்தானையில் துடைத்தது, எப்போதும் துடைப்பதுபோல. பிரம்மசக்தி குனிந்து கழுத்தைக் காட்டினாள். அப்போதுதான் அதைச் சொன்னேன், கழுத்தில் ரிப்பன் சரியாக விழுந்திருக்கிறதா என்று பார்க்கிற சாக்கில், காதுப் பக்கமாக: "அவங்க என்ன கேட்டாலும் நீ ஒண்ணும் பேச வேண்டாம். தலைய மட்டும் ஆட்டு." அவள் என்னைப் பார்த்தாள். தலையை ஆட்டினாள். அது சரி என்பதா, அல்லது இதோ ஆட்டிவிட்டேன் போதுமா என்பதா? பன்னிரண்டு வயசுப் பிள்ளையைத் தலையாட்டச் சொன்னேன். பத்துக் கணக்கில் ஒன்பதைச் சரியாகப் போட்டு ஒன்றைப் பார்த்து எழுதினால், பார்த்து எழுதாத ஒன்பதுதான் உன் மார்க் என்று சொல்லுகிற நான். விசாரணை வரும், குற்றச்சாட்டுக் கடிதம் வரும், ஓய்வுக்கு மூன்று வருஷம் இருக்கையில் பென்ஷனை நிறுத்தி வைப்பார்கள், அதெல்லாம் வரட்டும், பயம் அதற்கில்லை என்று சொல்லிக்கொள்கிறேன், அதற்கும்தான். ஆனால் அதைவிட, அறுபத்து நாலு பள்ளியிலும் இனி யாராவது மடலைக் கையில் எடுத்து, இது நிஜமா என்று கேட்டால்? இதுவரை நான் எழுதின எத்தனை பிள்ளைகள், பாட்டுப் பாடினவள், பாம்பு கடித்த தம்பியைத் தூக்கிக்கொண்டு ஓடினவள், நூற்றுக்கு நூறு, இதெல்லாம் நிஜமா என்று ஒவ்வொன்றாக? அத்தனை பிள்ளைகளையும் ஒரு சாளை மீனைக் கழுவிக்கொண்டே பொய்யாக்கிவிட்டேன். வாசலில் வண்டிச் சத்தம். வந்துவிட்டார். இல்லை, முருங்கைக்காய் ஏற்றிப் போகிற லோடு ஆட்டோ. எழுந்தவள் மறுபடியும் நாற்காலியில் உட்காருகிறேன்.

"டீச்சர், முடிச்சிட்டேன்." பிரம்மசக்தி நோட்டோடு நிற்கிறாள். எல்லாருக்கும் முன்னால் முடித்துவிட்டாள், பதக்கத்தை ஒரு கையால் பிடித்துக்கொண்டு நிற்கிறாள், ஆடாமல் இருக்க. ஹெப்சி பின்னாலிருந்து, "அதுலயும் ஃபர்ஸ்ட்டாட்டி?" என்கிறாள், பெஞ்சு சிரிக்கிறது, பிரம்மசக்தி திரும்பிப் பார்க்கவில்லை. நோட்டை வாங்குகிறேன். மூன்றில் இரண்டோடு நாலில் ஒன்று. பன்னிரண்டில் பதினொன்று. சரி. டிக் போடுகிறேன். "டீச்சர்." என்னட்டி. "ஹாஸ்டலுக்கு டெல்பினாவும் வருவாளா?" பேனா நோட்டின் மேல் நிற்கிறது. ஒரு பிள்ளைக்குத்தான் இடம் என்கிறேன். "ஒரே ஒரு பிள்ளைக்கா?" ஆமா. "அப்ப அவ?" ஐந்தாவது கணக்கு, ஆறாவது கணக்கு, டிக், டிக். அவளை உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்கிறேன், எதையாவது கேட்க வேண்டுமே. "ஓடி முடிச்சப்புறம் ரெண்டு பேரும் மரத்துக்குக் கீழ உக்காந்து சாப்பிட்டோம் டீச்சர். எனக்கு ஊறுகா குடுத்தா. மீன் ஊறுகா. அவ சொன்னா, நீ கடைசி வளைவுல எட்டு வச்சது தப்பு, மூச்ச விட்டுட்டே, அங்க மட்டும் விடாம இருந்தா அடுத்த தடவ நீதாம்னு." எட்டாவது கணக்கு தப்பு. பகுதியை மாற்றாமல் கூட்டியிருக்கிறாள். வட்டம் போடுகிறேன், என் கை எப்படி இவ்வளவு சீராக வட்டம் போடுகிறது. "இதத் திருப்பிப் போடு," என்கிறேன். நோட்டைக் கொடுக்கிறேன். சொல்லேன், வாயைத் திறந்து சொல்லேன், இப்போதே, இந்தப் பிள்ளையிடமாவது: நீ தலையாட்ட வேண்டாம், நான் சொல்லிக்கொள்கிறேன். சொல் ஜெயசீலி. அவள் இன்னும் போகவில்லை, நிற்கிறாள், எனக்காகத்தான் நிற்கிறாள் என்று தெரிகிறது, ஒரு வாக்கியத்துக்காக. பிறகு போய் உட்கார்ந்து எட்டாவது கணக்கைத் திருப்பிப் போட்டாள். டக்.

ஜீப் பதினொன்று இருபத்தைந்துக்கே வந்துவிட்டது. ஆபீஸ் அறையில் தவசிமுத்து சார், அலுவலர், வாசல் நிலையை ஒட்டி பிரம்மசக்தியின் அம்மா. வேலைக்கு லீவு போட்டுவிட்டு, மயில்கழுத்து நிறத்தில் ஒரு சேலை கட்டி, பிளாஸ்டிக் உறை போட்ட மடலைக் கையில் வைத்திருந்தாள், யாராவது கேட்டால் காட்டுவதற்கு. ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது, மேசையில் பாரம் பறக்காமல் இருக்க அதன் மேல் என் தண்ணீர் பாட்டிலை வைத்திருந்தார்கள். அலுவலர் நல்ல மனிதர், பிள்ளைகளிடம் குனிந்து பேசுகிறவர். "வாம்மா ஓட்டக்காரி! ஜீப்புக்கு முன்னால ஓடுவியா, பின்னால ஓடுவியா?" பிரம்மசக்தி சிரிக்கவில்லை. "டீச்சரம்மா, உங்க பிள்ளை உங்கள மாதிரியே, அளந்துதான் பேசும் போல," என்றார், தவசிமுத்து சார் பெரிதாகச் சிரித்தார். நான் சுவரோரம் நின்றேன். இப்போது, இப்போது என்று உள்ளே ஒன்று அடித்துக்கொண்டது. மூடி திறந்தால் தண்ணீர் குடிக்கலாம், தண்ணீர் குடித்தால் சொல்லிவிடலாம், பாட்டிலை எடுத்தால் பாரம் பறந்துவிடும். இப்படியெல்லாம்கூட ஒரு மனசு கணக்குப் போடும். அலுவலர் பாரத்தை உருவி எடுத்துப் பேனா மூடியைத் திறந்தார். "நானூறு மீட்டர்ல முதல் பரிசு நீதானம்மா?" பிரம்மசக்தி தலையை ஆட்டினாள். அம்மாவின் கையில் உறை நொறுக் என்றது. என் வாய் திறந்தது, சார் என்று ஒரு சத்தம் வந்தது, எனக்கே கேட்டது, "இருங்க டீச்சர், பேர எழுதிக்கிடுதேன்," என்றார் அவர். நான் இருந்தேன்.

"ஹாஸ்டலுக்கு வாரியாம்மா?" என்று பேனாவை வைத்தபடி கேட்டார், கேட்க வேண்டும் என்பதற்காகக் கேட்கிற கேள்வி. பிரம்மசக்தி, "வரல சார்," என்றாள். "என்னட்டி சொல்லுத!" என்று அம்மா நிலையை விட்டு உள்ளே வந்தாள். தவசிமுத்து சார், "பயப்படுது சார், சின்னப் பிள்ளைதான், சொல்லிச் சரிபண்ணிருவோம்," என்றார். அலுவலர் மறுபடியும், வீட்டை விட்டு இருக்கணும்னு பயமா என்று கேட்டார். இல்லை என்றாள். பிறகு ஏன் என்றார். அம்மா அவள் தோளைப் பிடித்து உலுக்கினாள், உலுக்க உலுக்க அவள் அப்படியே நின்றாள். அலுவலர் மணி பார்த்தார், பாரத்தை இன்றைக்கே அனுப்ப வேண்டும் என்றார், யாரைப் பார்த்தும் சொல்லாமல், "அப்ப ரெண்டாவது வந்தது யாரு?" என்றார். தவசிமுத்து சார் என்னைப் பார்த்தார். நான் மேசையில் என் தண்ணீர் பாட்டிலைப் பார்த்தேன்.

பெரியமணல் டெல்பினா என்று பிரம்மசக்தி சொன்னாள். அலுவலர் பாரத்தில் பிரம்மசக்தியை அடித்துவிட்டு அந்தப் பெயரை எழுதிக்கொண்டார்.